தமிழம்மாவின் பக்கம்

"எனக்கு எந்தப் பக்கம்?"

பட்டிமன்றத்துக்கு அழைக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால், அவர்களுக்கு மோர் கொடுத்த கையோடு தமிழம்மா கேட்பது இந்த ஒன்றைத்தான். எந்த ஊர், என்ன தலைப்பு, நடுவர் யார் என்பதையெல்லாம் கேட்க மாட்டார். அதையெல்லாம் அவருடைய கணவர் கூடத்தில் பேசி முடித்திருப்பார். தேதி கொடுப்பது கணவர்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா, எதையும் முறைப்படி செய்கிறவர். மனைவி மேடையேறிப் பேசுவதில் அவருக்கு நிறையப் பெருமை. "அம்மா வருவாங்க, அதெல்லாம் நான் சொல்லிக்கிறேன், நீங்க போய் நோட்டீஸ் அடிங்க," என்பார். தமிழம்மா உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் பக்கம் எது என்று மட்டும் தெரிந்துகொண்டு, தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர் எங்கள் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. நான் அறிவியல் எடுத்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது திருவண்ணாமலையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. வட மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அவர் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி எனக்கு ஒரு அறை கிடைத்தது. அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் தமிழம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டு, ஆசிரியைகளும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கணவர்கூட "இந்தா" என்பதோடு சரி.

ஒரு பெண் தனியாக வெளியூர் மேடைக்குப் போய்வருவது அப்போது நடக்காத காரியம். கணவருக்கு மூச்சிழுப்பு உண்டு, மாலை நேரத்துப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. அதனால் துணைக்கு நான் போகத் தொடங்கினேன். இலக்கியத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. மேடையோரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில், அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்ததில் இரண்டு இதிகாசங்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டன. மற்றவர்கள் கதையாகக் கேட்டதை நான் வழக்காகக் கேட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் ஐவர் கதையை வாசிப்பார்கள், இரவு அதையே கூத்தாக ஆடுவார்கள். நடுவில் சாயங்காலம் பட்டிமன்றம் வைப்பது அந்த நாளில் புதிதாகப் பிடித்துக்கொண்ட மோகம். தலைப்புகள் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். மனைவியைச் சூதில் வைத்தவன் பெரிய குற்றவாளியா, ஆட அழைத்தவன் பெரிய குற்றவாளியா? நாட்டைத் துறந்து காட்டுக்குப் போன அண்ணன் உயர்ந்தவனா, கையில் வந்த நாட்டை வேண்டாமென்ற தம்பி உயர்ந்தவனா? சிறை மீண்டு வந்தவளைத் தீயில் இறங்கச் சொன்னது நீதியா, அநீதியா?

எந்தப் பக்கம் கொடுத்தாலும் தமிழம்மா பேசுவார். போன வாரம் செங்கத்தில் நீதி என்று பேசியதை இந்த வாரம் வேட்டவலத்தில் அநீதி என்பார். இரண்டு ஊரிலும் கைதட்டல் விழும். இரண்டு ஊரிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒப்புக்குப் பேசுகிறவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேசுகிற அந்த அரைமணி நேரம் அவர் முழுக்க அந்தப் பக்கத்து மனுஷியாகவே இருப்பார். கழுத்து நரம்பு புடைக்கும், குரல் உடையும். கீழே இறங்கியதும் என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பஸ் இருக்குமா?" என்று கேட்பார்.

ஒருமுறை திரும்பி வரும்போது நான் கேட்டேன். "உங்களுக்கு நெஜமா எது சரின்னு தோணுது?"

"எதுல?"

"தீயில எறங்கச் சொன்னதுல."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தவர் திரும்பவே இல்லை. "எனக்குத் தோணி இன்னாம்மா ஆவப்போவுது? அடுத்த வாட்டி எந்தப் பக்கம்னு சொன்னா பேசப்போறேன்."

மேடையில் மட்டும் என்றில்லை. புடவைக் கடையில் இரண்டு புடவைகளை எடுத்து வைத்தால், இரண்டுமே நன்றாக இருப்பதற்கான காரணங்களை அவர் கடைக்காரரைவிட நன்றாகச் சொல்வார். எதை எடுப்பது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் தலைமையாசிரியைக்கும் கணக்கு டீச்சருக்கும் ஆகாது. இருவருமே தமிழம்மாவிடம் வந்து புலம்புவார்கள். அவர் தன் கட்சி என்று இருவருமே நம்பினார்கள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை எதிரில் இருக்கும்போது தலைமையாசிரியை படுகிற பாடு அவருக்கு உண்மையாகவே தெரிந்தது. கணக்கு டீச்சர் வந்ததும் அவருடைய பாடு தெரிந்தது. இரண்டு பேருடைய சுமையையும் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாவது பீரியடுக்குள் அவர் முகம் வாடிவிடும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. சூதாட்டத் தலைப்பு. மனைவியைப் பணயம் வைத்தவன் பக்கம் தமிழம்மாவுக்கு. கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க அரசனுக்கு வழியில்லை, தோற்றவனுக்குத் தோல்வி கண்ணை மறைத்துவிடும், அந்தச் சபையிலேயே அதிகம் வெந்துபோனவன் அவன்தான் என்று அவர் பேசப்பேச, கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. மாலையெல்லாம் போட்டு முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு நடக்கும்போது, இடுப்பில் கூடையோடு ஒரு பெண் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நல்லா பேசுனீங்க," என்றாள்.

தமிழம்மா கும்பிட்டார்.

"எங்க வூட்டுக்காரரும் சீட்டாடறாரும்மா. என் கம்மல அடகு வச்சி ஆடனாரு. முன்னாடி நானு திட்டனா தலைய குனிஞ்சினு போவாரு. இன்னிக்கு நீங்க பேசனத கேட்டுட்டு சிரிச்சினே போறாரு. 'கேட்டியா, டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க'ன்றாரு."

அவள் சண்டைக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு, அவர்கள் வயல் இருக்கும் திசையில் வரப்பிறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸில் வெகுநேரம் கழித்து தமிழம்மா என்னிடம், "அந்தப் பொம்பள பேரு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. "நானும் கேக்கல," என்றார்.

அடுத்த மாதம் போளூரில் அதே தலைப்பில் எதிர்ப்பக்கம் கொடுத்தார்கள். சூதாடிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். ஆனால் அந்தப் பெண் போளூரில் இல்லை.

பள்ளியில் ஓய்வு நேரம் கிடைத்தால் அவர் மிகப் பழைய பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வார். பாடத்திட்டத்துக்காகவும் இல்லை, மேடைக்காகவும் இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குச் சந்தோஷம். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கதைங்களெல்லாம் பின்னாடி வந்தவங்கதான் பெருசாப் பாடினாங்கனு நெனச்சிக்கிறோம் இல்ல? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க இருந்தவங்களுக்கு அத்தனையும் தெரியும்மா. ஆனா ஒருத்தரும் ஒக்காந்து கதை சொல்லல. தெரிஞ்ச வீட்டு சங்கதி மாதிரி, வேற எதையோ சொல்லும்போது நடுவுல ஒரு வரி வந்துட்டுப் போவும்."

ஒரு பாட்டில், ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊரில் எல்லோரும் வம்பு பேசுகிறார்கள். கல்யாணம் நிச்சயமானதும் ஊர் வாய் சட்டென்று அடங்கிவிடுகிறது. எதைப் போல அடங்கியது? கடற்கரையில் ஆலமரத்தடியில், காட்டுக்குப் போன அந்த இளவரசன் படையெடுப்புக்கு ஆலோசனை செய்தபோது, கிளைகளில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் அவன் கையசைத்ததும் அடங்கினவே, அதைப் போல. அங்கே அந்தப் பெருங்கதைக்கு அவ்வளவுதான் இடம். இன்னொரு பாட்டில், ஐவரும் நூற்றுவரும் மோதிக்கொண்ட போரில் இரண்டு படைக்கும் சோறு போட்டவன் என்று ஒரு சேர அரசனைப் புகழ்கிறார்கள். வேறொன்றில் ஒரு பாணன் வீட்டு ஏழைகளுக்கு அரசன் நகைகளை அள்ளிக் கொடுக்கிறான். அவர்கள் அதுவரை நகை பார்த்ததில்லை. விரலுக்குப் போடுவதைக் காதிலும், காதுக்குப் போடுவதை விரலிலும் மாட்டிக்கொள்கிறார்கள். அரக்கன் தூக்கிப் போனவள் வழியில் போட்ட நகைகளைக் குரங்குகள் எடுத்து மாட்டிக்கொண்டது போல இருந்தது என்று பாட்டு சொல்கிறது.

சொல்லும்போதே தமிழம்மா சிரித்தார். குரங்குகளைப் போலவே கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு, "இதுல எதுலயாவது யாரு பக்கம் நியாயம்னு ஒரு வார்த்த இருக்கா பாரு," என்றார். "பாத்தத சொல்லிட்டுப் போயிடறாங்க. தீர்ப்பே இல்ல. இதப் படிச்சா எனக்குக் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

எனக்கு ஒன்று உறுத்தியது. "நகை கீழ வுழுது, குரங்கு மாட்டிக்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்தப் பொம்பள எங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "இருக்கா. மேல போயிட்டிருக்கா. கீழ இருக்கறவங்களுக்குத் தெரியல."

அந்தக் குரங்குக் கதையை அவர் மேடைக்கும் கொண்டுபோனார். கூட்டம் சோர்ந்து போகிற நேரத்தில் அதை எடுத்துவிட்டால் போதும், சிறுவர் முதல் கிழவர் வரை சிரிப்பார்கள்.

இப்போது அவருடைய நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் ஒரே தங்கை. வயதில் மிகவும் சிறியவள், தமிழம்மாதான் தலை பின்னி வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவலூர்பேட்டைப் பக்கம் மாவு மில் வைத்திருக்கும் வீடு. மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவள் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். மில் மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த ஆளோடு இவள் சிரித்துப் பேசியதாகவும், பழுது இல்லாத நாளில்கூட அவன் வந்ததாகவும் மாமியார் வீட்டில் பேச்சு. அவள் சிரித்தது உண்மை. மோட்டார் ஓடாமல் அவன் திண்டாடியதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும் என்றாள். மற்றதெல்லாம் இல்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சு நடத்த ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், இன்னும் இரண்டு பேர். இந்தப் பக்கம் தமிழம்மாவின் கணவரும், தெருவில் இரண்டு பெரியவர்களும். காபி கொடுக்கக் கூடமாட இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுக்களை வாசலில் நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

தாய்மாமன் மரியாதை தெரிந்தவர். மேல்துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தமிழம்மாவைப் பார்த்தே பேசினார். "டீச்சரம்மா, போன திருவிழால எங்கூர்ல நீங்க பேசனது இன்னும் காதுல கீது. 'தீ அவளச் சுடல, ஊர் நாக்கத்தான் சுட்டுது'ன்னீங்க. எவ்ளோ பெரிய வார்த்த. அத்தத்தான் நாங்களும் கேக்கறோம். கோயில்ல கற்பூரத்த ஏத்தி, கையால அணைச்சி சத்தியம் பண்ணட்டும். ஊர் வாய் அடங்கிடும். நாங்க இப்பவே கூட்டிகினு போறோம்."

கூடத்தில் எல்லோரும் தமிழம்மாவைப் பார்த்தார்கள். நாத்தனாரும் பார்த்தாள்.

அவர் எழுந்து நின்றார். எப்போதும் நின்றுதான் பேசுவார். கட்டிய மனைவியைச் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று தொடங்கினார். அதில் இரண்டு பெரியவர்களும் தலைகுனிந்துகொண்டார்கள். பிறகு, ஊரோடு சேர்ந்து வாழ வேண்டிய ஒரு குடும்பம் ஊர்ப் பேச்சைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னார். அதில் தாய்மாமன் கண் கலங்கினார். சத்தியம் கேட்பதில் இருக்கிற அவமானத்தைச் சொன்னார். சத்தியம் செய்துவிட்டால் கிடைக்கிற நிம்மதியையும் சொன்னார். ஒரு குறை சொல்ல முடியாத பேச்சு. கடைசியில் கையைக் கூப்பி, "பெரியவங்க நீங்க இருக்கீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க," என்று உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள். "நான் பண்ணிடறேன் அண்ணி. அலுத்துப் போச்சு எனக்கு."

பெரிய கோயிலுக்குப் போகவில்லை. தெரு முனையில் சின்னதாக ஒரு அம்மன் கோயில் உண்டு, அங்கே போனார்கள். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையைச் சட்டென்று வைத்து மூடினால் காற்றில்லாமல் உடனே அணைந்துவிடும், பெரிதாகச் சுடாது. அறிவியல் படித்த எனக்கு அது தெரியும். பழக்கப்பட்டவர்களுக்கும் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மெதுவாக வைத்தாள்.

களிம்பு போட்டு, துணியைக் கிழித்து நான்தான் கட்டிவிட்டேன். அந்தக் கையோடு மத்தியானப் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் திருப்தி. தமிழம்மாவின் கணவர், "நல்லபடியா முடிஞ்சிது," என்று பலமுறை சொன்னார்.

காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த தமிழம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அவ என்னப் பாத்தா. கவனிச்சியா?"

"பாத்தேன்."

"ரெண்டு பக்கமும் சரியாத்தான பேசனேன்?"

"சரியாத்தான் பேசனீங்க," என்றேன். அது உண்மைதான். அவர் கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினார்.

அதன் பிறகும் மேடைகள் வந்துகொண்டே இருந்தன. கணவர் தேதி கொடுத்தார், இவர் பக்கத்தைக் கேட்டுக்கொண்டு போனார். ஆனால் குரங்குக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். கூட்டம் கொட்டாவி விட்டாலும் சொல்லவில்லை. பேசும்போது கண் முன் வரிசையில் அலையத் தொடங்கியது. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "கேட்டுட்டு வீட்டுக்குப் போயி இன்னா பண்ணுவாங்களோனு பாக்கறேன்," என்றார். அவருக்கு முடி அடுத்த இரண்டு வருஷத்தில்தான் வேகமாக நரைத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாத்தனார் இரண்டாம் முறையாக வந்தாள். இந்தத் தடவை கையில் குழந்தை. பல் முளைக்காத பெண் குழந்தை. அவள் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. "அதே பேச்சுதான் அண்ணி," என்றாள். "இப்ப இதும் மூஞ்சியப் பாத்து பாத்து பேசறாங்க." தமிழம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். நாத்தனாரின் வலது உள்ளங்கையில் பழைய தழும்பு இருந்தது. அதை இருவரும் பார்க்கவில்லை என்பது போல இருந்தார்கள்.

மறுபடியும் ஒரு ஞாயிறு. அதே தாய்மாமன், அதே மாப்பிள்ளை. தெருப் பெரியவர்களில் ஒருவர் காலமாகியிருந்தார். இன்னொருவர் வந்தார். நான் காபி போட்டேன்.

தாய்மாமன் முன்பைவிடத் தணிவாகப் பேசினார். "இந்த வாட்டி தீயெல்லாம் வேணாம்மா. போன வாட்டி கை வெந்து போனது எங்களுக்கே மனசு கேக்கல. கொழந்த தலைல கைய வச்சி, 'இது இவருக்குப் பொறந்துது'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான். வூட்டுலயே முடிச்சிக்கலாம்."

தமிழம்மாவின் கணவர் உடனே, "அதுல ஒண்ணும் கஷ்டம் இல்லையே," என்றார்.

"டீச்சரம்மா சொல்லட்டும்," என்றார் தாய்மாமன்.

தமிழம்மா எழுந்திருக்கவில்லை. குழந்தை அவர் மடியில் இருந்தது. உட்கார்ந்தபடியே, "அவ வரமாட்டா," என்றார்.

தாய்மாமனுக்குப் புரியவில்லை. "எதுக்கு வரமாட்டா? சத்தியத்துக்கா, ஊருக்கா?"

"ரெண்டுக்கும்."

"ஏம்மா?"

நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மேடைகளில் ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறாதவர், இப்போது கூடத்துச் சுவரையும் மடியிலிருந்த குழந்தையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"காரணம் கேக்காதீங்க," என்றார். "எனக்குப் பேசத் தெரியும். பேச ஆரம்பிச்சா உங்க பக்கமும் பேசிடுவேன்."

"அதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"அவ வரமாட்டான்னு அர்த்தம்."

"இந்தா," என்று கணவர் குரலை உயர்த்தினார். "நாலு பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. ஒரு நியாயத்தச் சொல்லிப் பேசு. இப்படியா வெட்டின மாதிரி பேசறது?"

"நியாயம் எனக்குத் தெரியலங்க. அவ இங்கயே இருக்கட்டும்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, "கொழந்த?" என்றார்.

"கொழந்தயும்."

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபத்தைவிட அவருக்கு ஏமாற்றம்தான் அதிகம் என்று தோன்றியது. வாசல்வரை போனவர் நின்றார். "ஊர்ல கேட்டா இன்னான்னு சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றார் தமிழம்மா.

அவர்கள் போனதும் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே போய்விட்டார். நாத்தனார் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அடுத்த வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். நாத்தனார் அண்ணன் வீட்டிலேயே தங்கி, பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்து, மகளைப் படிக்க வைத்தாள். அதற்காக அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். சில நாள் வாசலில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருப்பாள், அப்போது யாரும் கிட்டே போக முடியாது. ஒருமுறை கோபத்தில், "அன்னிக்கு அனுப்பி இருந்தா நானும் ஒரு வூட்டுல இருந்திருப்பேன்," என்று தமிழம்மாவிடமே சொல்லிவிட்டாள். தமிழம்மா, "இருந்திருப்ப," என்று மட்டும் சொன்னார்.

மேடையில் அவருடைய பேச்சு கெட்டுப்போனது. ஒரு பக்கத்தை எடுத்துப் பேசிக்கொண்டே போகிறவர் நடுவில் நின்றுவிடுவார். கூட்டம் கைதட்டி மறைத்துவிடும். அப்புறம் அதுவும் இல்லை. தன் வீட்டு விஷயத்தில் நியாயம் பேசாதவர் என்று தாய்மாமன் ஊர் ஊராகச் சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம். அழைப்புகள் குறைந்து, ஒரு திருவிழாக் காலம் ஒருவரும் வராமலே கடந்தது. கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழம்மா பள்ளிக்கு வந்தார், இலக்கணம் நடத்தினார், பழைய பாட்டுகளைப் படித்தார். எண்பதுகளின் கடைசியில் ஓய்வுபெற்றார். அதற்கு முன்பே எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

அவரை நினைத்தால் எனக்கு அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முன்னால் வருகிறது. ஆட்கள் போன பிறகு தமிழம்மா டம்ளர்களை எடுக்க எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்தார். பிறகு கையைத் தலைக்கு வைத்து, பாய்கூட இல்லாமல், காபிக் கறை படிந்த டம்ளர்களுக்கு நடுவிலேயே படுத்துவிட்டார். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார். ஆண்கள் வந்துபோகிற கூடத்தில் பட்டப்பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தை அழுதபோது நாத்தனார் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நான் டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் எடுத்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு அவர் கணவர் வந்தார். வரும்போதே ஏதோ சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது. நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தார்.

"சாப்ட்டாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க."

அவர் தலையாட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கொல்லைப் பக்கமாக உள்ளே போகச் சந்து வழியே சுற்றிக்கொண்டு போனார்.